பதினெட்டு வருடப் பொருளாளரின் கடிதம்

இந்த முறை வந்த கடிதம் பதினோரு பக்கம். எழுதியவருக்கு வயது 61. தென்மாவட்டம் ஒன்றில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பிரிவு) அங்கத்தினர். உதவிபெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சேகரக் கமிட்டியில் தொடர்ந்து ஆறு தவணை, அதாவது 18 வருடம், இவர்தான் பொருளாளர். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இவர் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறை) உட்கார்ந்து காணிக்கை எண்ணிக்கொண்டிருப்பார். பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு (சபையார் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து) எந்த வீட்டில் எத்தனை கிலோ அரிசி கொடுத்தார்கள், போன வருடம் எத்தனை, எல்லாம் இவர் நோட்டில் இருக்கும். ஒரு வருடம் அசனச் செலவுக்குப் பணம் குறைந்தபோது சொந்தக் கையிலிருந்து 40,000 ரூபாய் போட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற நான்காம் மாதம் கமிட்டித் தேர்தல் வந்தது. 23 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். இந்தச் சேகரத்துக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. தேர்தலுக்கு முந்தின வாரம் பிரியாணி போட்டார், ஓட்டுப் போடுகிறவர்களை அழைத்துவர ஆட்டோ வைத்தார் என்கிறார் இவர்.

அன்று முதல் இவர் ஆராதனைக்குத் தாமதமாகப் போகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அறிவிப்புகள் வாசிக்கும் முன்பே எழுந்து வந்துவிடுகிறார். இந்த வருட அசனத்தில் மேடையில் புதுப் பொருளாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்களாம். இவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிட்டார். இதற்கிடையில், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தை நிர்வகிக்கிற பெருமன்றத்துக்குத் தேர்தல் வருகிறது. ஓர் அணிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, “நீங்க நில்லுங்க, செலவ நாங்க பாத்துக்கிடுதோம்” என்கிறார்கள். சுற்றுச்சுவர் கட்டிய வகையில் 3,80,000 ரூபாய்க்கு ஒரு பில்லின் படம் இவர் கைக்கு வந்திருக்கிறது. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்காமல், புதுப் பொருளாளரின் உறவினருக்கே வேலை போயிருக்கிறது என்று சந்தேகம். அதைத் தேர்தலுக்கு முன் வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு சுயாதீன சபையின் போதகர் இவரை மூப்பராக (சபையை நடத்துகிற மூத்தவர்களில் ஒருவராக) வரச்சொல்லி அழைக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய மனைவி ஒரு நாள் ராத்திரி கேட்டிருக்கிறார்: “நீங்க இத்தன வருசம் செஞ்சது ஊழியமா, டெபாசிட்டா?” அந்தக் கேள்விதான் எனக்குக் கடிதம் எழுத வைத்தது என்கிறார். பதவிக்கு ஆசைப்பட்டது பாவமா, பெருமன்றத்துக்கு நிற்கலாமா, பில்லை வெளியிடலாமா, சபை மாறலாமா, தன்னைத் தோற்க விட்டதன் மூலம் தேவன் தன்னைத் தள்ளிவிட்டாரா என்று ஐந்து கேள்விகள். பின்குறிப்பாக ஒரு சின்ன விஷயமும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் ஐந்தாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் உங்களை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்புகிறது என்று நினைக்கிறேன். முழித்துக்கொண்டு, எந்தெந்த வீட்டு ஓட்டு உங்களுக்கு விழவில்லை என்று தெருத்தெருவாக எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சேர்த்து எழுதாத இரண்டு தேதிகளை நான் சேர்த்துப் பார்த்தேன். மே மாதம் பள்ளி முடிந்தது. செப்டம்பரில் வெஸ்ட்ரி முடிந்தது. நீங்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற ஒரு வகுப்பறை, நீங்கள் இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாத ஒரு பீரோ, இரண்டும் நான்கு மாதத்துக்குள் போய்விட்டன. பள்ளி போன துக்கத்தை நீங்கள் எங்கும் கொட்டவில்லை. ‘சேகர வேலை இருக்கிறதே’ என்று அதன்மேல் சாய்ந்துகொண்டீர்கள். அதுவும் சரிந்தபோது இரண்டு துக்கமும் ஒன்றாக இறங்கிவிட்டது. இப்போது உங்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி அந்த ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டியதில்லை. 60 வயதில் எல்லோருக்கும் வருகிற ஓய்வுக்குச் சேர வேண்டியது. இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தில் குறை இருப்பதால்தான் தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, அப்புறமும் மருத்துவரைப் பாருங்கள்.

தேவன் தள்ளிவிட்டார் என்பதை ஓட்டுப் பெட்டியிலிருந்து படிக்க முடியாது. படிக்கலாம் என்றால், 18 வருடம் ஜெயித்தபோதெல்லாம் அவர் உங்களை மட்டும் விசேஷமாகத் தெரிந்துகொண்டார் என்றும், உங்களிடம் தோற்ற ஒவ்வொருவரையும் தள்ளினார் என்றும் ஆகிவிடும். அப்போது தோற்றவர்களைப் பற்றி நீங்கள் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள்.

ஆசைப்பட்டதே தப்பா?

‘உண்மையான ஊழியக்காரன் பதவியை விரும்பவே மாட்டான்’ என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. நம் சபைகளில் எல்லோரும் சொல்கிற வாசகம்தான். ஆனால் பவுல் தீமோத்தேயுவுக்குச் சபைத் தலைமைப் பொறுப்பைப் பற்றி எழுதும்போது, ‘கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்’ என்றே எழுதுகிறார். விருப்பத்தைக் குறை சொல்லாமல், விரும்புகிறவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று அடுத்த வசனத்திலிருந்து பட்டியல் போட ஆரம்பிக்கிறார். வேலையை விரும்பு, அப்புறம் உன் வீட்டைப் பார், குணத்தைப் பார், பணத்தைக் கையாளுகிற விதத்தைப் பார் என்பதுதான் வரிசை.

செபதேயுவின் குமாரர் கதையும் அப்படித்தான். இயேசுவின் வலதுபுறமும் இடதுபுறமும் உட்கார இடம் கேட்டு யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். மாற்கு எழுதும்போது அவர்களே கேட்கிறார்கள். மத்தேயு எழுதும்போது அவர்களுடைய தாயார் வந்து கேட்கிறார். (‘நான் கேட்கவில்லை, ஆதரவாளர்கள்தான் வற்புறுத்துகிறார்கள்’ என்று நீங்கள் நாலாம் பக்கத்தில் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தத் தாயார் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.) இயேசு அவர்களைத் துரத்தவில்லை. உங்களில் பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்றார். பெரியவனாகும் ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் போகிற பாதையைப் பந்தியின் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு வரி உண்டு. மற்றப் பத்துச் சீடர்களும் அதைக் கேட்டு எரிச்சலானார்கள். அவர்களுக்கு ஏன் எரிச்சல்? இந்த இருவரின் ஆத்துமாவைப் பற்றிய கவலையா? இல்லை, கேட்க நினைத்ததை இவர்கள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள். கடைசி இராப்போஜன மேஜையிலேயே, தங்களில் யார் பெரியவன் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்ததை லூக்கா எழுதியிருக்கிறார். அந்த ஒப்பந்தக்காரரைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் நான் இரண்டு முறை படித்தேன். பிரியாணி, ஆட்டோ, பொன்னாடை. அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பொன்னாடை யார் தோளில் விழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள் என்பது அந்த நாலு பக்கத்திலும் தெரிகிறது.

நான் மேலே நின்று சொல்லவில்லை. குருவாக இருந்த காலத்தில், ஒரு இடமாற்றப் பட்டியலில் டவுன் சேகரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மூன்று சிற்றூர்கள் சேர்ந்த ஒரு சின்னச் சேகரம் வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் ‘தேவ சித்தம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி, “தேவ சித்தம் சாப்பிட வருமா?” என்று கேட்டாள்.

அந்த 40,000 ரூபாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இதை நான் யாரிடமும் சொன்னதில்லை’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். யாருக்கும் தெரியாமல் கொடுத்தது பெரிய காரியம்தான். அதை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் அந்தத் தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. உங்கள் மனைவி ‘டெபாசிட்’ என்று சொன்னது அதைத்தான். அவரை எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. முதிர்வுத் தேதி வந்தும் பணம் திரும்பி வராதபோதுதான் அது டெபாசிட் என்றே நமக்குத் தெரியவருகிறது. 18 வருடமும் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நம்மில் யாருடைய ஊழியமும் கலப்படமில்லாமல் இருந்ததில்லை. அரிசியில் கல் இருந்தால் கல்லைப் பொறுக்குவோம், அரிசியைக் கொட்டிவிட மாட்டோம்.

‘வாது’ என்ற சொல்

பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை நீங்களே எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: ‘ஒன்றையும் வாதினாலாவது வீண் பெருமையினாலாவது செய்யாமல்’. பக்கத்திலேயே, ‘நான் யாரோடும் வாது செய்தவன் இல்லை, இந்த வசனம் அந்தக் கோஷ்டிக்குத்தான் பொருந்தும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘வாது’ என்று வருகிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘எரிதெயா’ என்ற சொல். கூலிக்கு வேலை செய்கிறவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பவுலுக்கு முந்நூறு, நானூறு வருடம் முன்பு அரிஸ்டாட்டில் இதே சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார் தெரியுமா? பதவிக்காக ஆள் சேர்த்து ஓட்டுப் பிடிப்பதற்கு. ஹெராயா என்ற கிரேக்க ஊரில் இப்படி ஆள் பிடிக்கிறவர்களே ஜெயித்துக்கொண்டிருந்ததால், தேர்தலை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கிப் போட ஆரம்பித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, அது வாய்ச்சண்டையைப் பற்றிய வசனமாக மட்டும் இருக்க முடியாது. சுயலாபத்துக்காக அணி கட்டுகிறதையும் அது தொடுகிறது. அந்தக் கடிதம் போன ஊரும் அப்படிப்பட்ட ஊர். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றம். தான் வகித்த பதவிகளை வரிசையாகக் கல்லில் வெட்டி வைப்பதில் அங்கே இருந்தவர்களுக்குப் பெருமை அதிகம். நம் ஆலயச் சுவர்களில் இருக்கிற கல்வெட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி இறக்கையில் உபயம் எழுதுகிறவர்கள் நாம். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் பவுல், கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்ததைச் சொல்கிறார். மேலே ஏறுகிற பதவிப் பட்டியலுக்கு நேர் எதிராகக் கீழே இறங்குகிற ஒரு பட்டியல் அது.

நிற்பதா, வேண்டாமா?

நிற்கக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. திருமண்டலம் என்பது ஆராதனை மட்டும் நடத்துகிற அமைப்பு இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலம், கடைகள், தாளாளர் பதவிகள், ஆசிரியர் நியமனங்கள். இவ்வளவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் இருப்பதால்தான் ஒரு சபைத் தேர்தலுக்கு இவ்வளவு செலவும் ஆத்திரமும். வழக்குகள் போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகத்துக்கு நியமிக்கிற அளவுக்கு நம் திருச்சபையின் பெயர் கெட்டதையும் பார்த்துவிட்டோம். கணக்குத் தெரிந்த, கை சுத்தமான ஒருவர் உள்ளே போவது நல்லதுதான். தாழ்மை என்ற பெயரில் நல்லவர்கள் எல்லோரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் முன் பெஞ்சு யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் இப்போது, இந்த அணியோடு, இந்த மனநிலையில் நிற்கலாமா என்பது வேறு கேள்வி. ‘செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றவர்களிடம், எதற்கெல்லாம் செலவு, அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? 18 வருடம் பொருளாளராக இருந்தவருக்கு, வரவு என்று எழுதினால் எதிர்ப்பக்கத்தில் ஒன்று எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரியாணி அவர் போட்டால் லஞ்சம், உங்கள் அணி போட்டால் விருந்து என்று ஆகாது. நாளைக்கு ஒரு நியமனம் வரும்போது அந்தச் செலவுக் கணக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

நிற்பதென்றால் இப்படி நில்லுங்கள். உங்கள் பேருந்துக் கட்டணமும் டீச் செலவும் உங்கள் ஓய்வூதியத்திலிருந்து போகட்டும். அணியின் பட்டியலில் பெயர் வராமல், தனி ஆளாக மனு கொடுங்கள். எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முதலில் உங்கள் மனைவியிடம் வாக்குக் கொடுங்கள், அவர் கண்டிப்பாகக் கண்காணிப்பார். ஒரு தவணை முடிந்ததும் இறங்கிவிடுவேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இப்படி நின்றால் தோற்க வாய்ப்பு அதிகம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். தோற்றால் மறுபடி ஆறு மாதம் தெருத்தெருவாக ஓட்டு எண்ணுவீர்கள் என்று உங்களுக்கே தோன்றினால், இந்தத் தடவை விட்டுவிடுங்கள். காலில் கட்டுப் பிரிக்காமல் ஓடப் போகிறவரை யாரும் வீரன் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஆறு தவணை ஒரே ஆள் ஒரே பொறுப்பில் இருந்தது நல்லதில்லை. நீங்கள் நேர்மையானவர் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு அடுத்து அந்த வேலையைச் செய்ய ஒரு இளைஞனையாவது பக்கத்தில் உட்கார வைத்தீர்களா? பதினோரு பக்கத்தில் அப்படி ஒருவனைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கிறது. முந்தின மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரக் கூடாது. பொறுப்பில் இருக்கிறவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே போகாமல், ஆள் மாற வேண்டும், கணக்கு வெளியே வர வேண்டும் என்று ஊர் முடிவுசெய்திருக்கிறது.

மதில்சுவர் பில்

தாழ்மை உள்ளவன் கணக்குக் கேட்க மாட்டான் என்று ஒரு பெரியவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். எருசலேம் சபையில், அன்றாட விசாரணையில் (தினமும் உணவு பங்கிடுவதில்) கிரேக்க யூதரின் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, ‘முறுமுறுக்காதே’ என்று அப்போஸ்தலர் அடக்கவில்லை. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களையும் பாருங்கள், அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. பவுலும் தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று கூட ஆட்களை அனுப்புகிறார். அவருக்கு இல்லாத பரிசுத்தமா நம் கமிட்டிக்கு?

நீங்கள் உதாரணம் காட்டிய பேராயர் அசரியாவையே, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரையே எடுத்துக்கொள்வோம். ‘அவர் பதவி தேடிப் போனாரா, பதவி அவரைத் தேடி வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலர் வேலையை விட்டு, பாஷை தெரியாத தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனவர், 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றவர். எல்லாம் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 1910 இருக்கிறது. எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், உலகம் முழுவதிலிருந்தும் வந்திருந்த மிஷனரிகள் முன்னால் நின்று, நீங்கள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். ஒரு பெயரையும் நாறடிக்காமல், மறைவில் முனங்காமல், சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த அறையிலேயே சொன்னார்.

நீங்களும் அந்த அறையில்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு பில்லின் படம். அதைக் கொண்டு வேலை உறவினருக்குப் போயிருக்கிறதா என்று கேட்கலாம், பணம் திருடப்பட்டது என்று சொல்ல முடியாது. நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இவ்வளவு தெரியும்: வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான். அவதூறு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500-ஆம் பிரிவுகளாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்று வாதிடலாம், ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்தான் வந்து விழும். தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் போட்ட செய்தியைப் பொதுநன்மை என்று யாரை நம்பவைப்பீர்கள்?

வழி இருக்கிறது, மெதுவான வழி. சேகரத் தலைவருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சுற்றுச்சுவர் வேலைக்கு எத்தனை விலைப்புள்ளி வாங்கப்பட்டது, கமிட்டித் தீர்மானம் எந்தத் தேதி, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பதிகிற புத்தகம்) பார்க்கக் கிடைக்குமா என்று மூன்றே கேள்வி. யார் பெயரும் வேண்டாம். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து அதே மூன்று கேள்வி. அதற்கும் மேலே திருமண்டல அலுவலகம், தணிக்கை. உங்கள் திருமண்டல அமைப்பு விதிப் புத்தகத்தில் அங்கத்தினரின் உரிமை எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள், திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். முக்கியமான ஒன்று: பெருமன்றத்துக்கு நிற்பதாக இருந்தால் இந்தக் கடிதத்தை மனுத்தாக்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அல்லது தேர்தல் முடிந்து கொடுங்கள். நடுவில் கொடுத்தால் அது கேள்வியாக இருக்காது, நோட்டீஸாகிவிடும். உங்கள் காலத்து வேலைகளுக்கும் இதே மூன்று கேள்விகளை யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். உங்களிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறேன்.

சபை மாறுவது

போகிறவர்களைத் தடுக்கிற பழக்கம் எனக்கில்லை. போதனைக்காக, குடும்பத்துக்காக, சாதிக் கொடுமை தாங்காமல் சபை மாறியவர்களை அறிவேன், அவர்கள் மாறியது சரி. உங்களுக்கு வந்த அழைப்பில் ‘மூப்பர்’ என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் அதைப் பற்றி என்னிடம் கேட்டிருப்பீர்களா? இதை நீங்களே ஒரு வாரம் யோசியுங்கள். யோசித்தும் போகத்தான் தோன்றினால், முதல் ஒரு வருடம் எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று அந்தப் போதகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம், அந்தப் பின்குறிப்பு. ‘அசன அரிசி நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவர்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை’ என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதையும்விட அந்த வரியில்தான் எனக்கு வேலை இருப்பதாகத் தெரிந்தது. இந்த வருடம் அசனத்தில் மூன்றாம் பந்திக்கே சோறு போதாமல் போனது என்று எட்டாம் பக்கத்தில், கொஞ்சம் திருப்தியோடு எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் எத்தனை கிலோ, யார் கேட்டால்தான் கொடுப்பார், யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. நோட்டு உங்கள் பீரோவில் இருந்தது. மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடித்துவிட்டு நேரம் கழித்து வருகிறவர்கள், பக்கத்துத் தெரு ஜனங்கள், பிள்ளைகள்.

அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் நீங்களே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேண்டாம், ஆட்கள் பார்ப்பார்கள். ஒரு வேலை நாள் சாயங்காலம், அவர் வீட்டில். உங்கள் சுருக்கெழுத்துகள் அவருக்குப் புரியாது. வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கிற புள்ளிக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன அர்த்தம் என்று கூட உட்கார்ந்து சொல்ல ஒரு மணி நேரமாவது ஆகும். காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வாருங்கள். மதில்சுவர் பேச்சு அன்றைக்கு வேண்டாம். மனுத்தாக்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு, நிற்பதா வேண்டாமா என்பதைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும்.